கயிறு மாறிய பின்

லிங்கநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளிற் கூடிப் பேசுவது நம்முடைய வழக்கம். ஆசிரியர் இருவர், துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை செய்து தொழிற்சங்கத்தில் உழைத்த ஒருவர், நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர், தம்பலகாமத்து விவசாயி ஒருவர், இவர்களோடு நாம், இவ்வளவே சபை. பேசுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டிய நிலைமை நமக்கு ஏற்பட்டதில்லை. அரிசியின் விலையும் ஆசிரியர் இடமாற்றமும் உள்ளவரை அதற்குக் குறைவில்லை. ஆயின் அண்மையில் அங்கே எழுந்த கேள்வி ஒரு குதிரையைப் பற்றியது. திருகோணமலையில் மானுக்குப் பஞ்சமில்லை. கோட்டையின் அருகிலும் கடற்கரை ஓரத்திலும் அவை கடதாசியைத் தின்றுகொண்டு திரிகின்றன. குதிரையை நம்மிற் சிலர் படத்திலே மட்டுமே பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் அந்தக் குதிரை நம்மை மூன்று மாலைகள் தூங்கவிடாமற் செய்தது.

ஆசிரியரின் பழைய மாணவர் ஒருவர் கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் குடியேறி இருபது ஆண்டுகளாகின்றன. இறைச்சி பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. மகள் அங்கே பிறந்து வளர்ந்தவள், வயது 14. அந்நாட்டு மேற்குச் சமவெளிகளில், கால்நடை மேய்ப்போரின் தொழிலிலிருந்து பிறந்த விளையாட்டுக்கள் பல உண்டு. கல்கரி நகரில் 1912ஆம் ஆண்டு தொடங்கிய பெருவிழாவை வாசகர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அவ்விளையாட்டுக்களுள் பெண்களுக்குச் சிறப்பாக உரியது பீப்பாய் ஓட்டம். மூன்று பீப்பாய்களை முக்கோணமாக நிறுத்தி வைப்பர். முதலிரண்டுக்கும் இடையே 90 அடி; அவ்விரண்டிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. குதிரை முழு வேகத்தில் நுழைந்து, ஒன்றை வலப்புறமாகவும் மற்றிரண்டை இடப்புறமாகவும் சுற்றி, வந்த வழியே பறந்து வெளியேற வேண்டும். முழு அளவுக் களத்தில் 17 வினாடி அளவில் முடிப்பது நல்ல குதிரை. பீப்பாய் சரிந்தால் 5 வினாடி தண்டம். 1948ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தில் 38 பெண்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆண்களின் களத்தில் அலங்காரமாக நிற்க மறுத்தவர்கள் அவர்கள். இந்தச் செய்தியைக் கேட்டபோதுதான், அதுவரை 'பணக்காரர் விளையாட்டு' என்று முகஞ்சுளித்துக்கொண்டிருந்த நம் தொழிற்சங்க நண்பர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகளின் ஆசைக்காகத் தந்தை குதிரை தேடினார். தூரத்து ஏலங்களில் வாங்கினால் ஏமாற்றிவிடுவார்கள், அயலிலேயே தெரிந்தவரிடம் வாங்கு என்று தொழிற்சாலைத் தோழர்கள் புத்தி சொன்னார்கள். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் ஒன்பது வயதுப் பெண்குதிரை ஒன்று இருந்தது. விலை 9,000 டொலர். பல ஆண்டுகளின் மேலதிக வேலைப் பணம் அது. மகள் ஏறி ஓட்டிப் பார்த்தாள்; குதிரை பம்பரமாய்ச் சுழன்றது. வாங்குவதற்கு முன் மிருக வைத்தியரைக் கொண்டு சோதிப்பிப்பது அங்கே வழக்கமாம். காலை மடக்கி ஒரு நிமிட அளவு பிடித்திருந்து, விட்டவுடனே ஓடவைத்துப் பார்ப்பார்கள். மூட்டில் நோயிருந்தால் முதற் சில அடிகளிலே நொண்டும். இவர் அதைச் செய்விக்கவில்லை. வைத்தியருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் எழுதியிருந்த விதம் நம்மை வருத்தியது. 'இந்த ஊரில் என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டுக் கைகொடுத்த முதல் ஆள் அவர். அவரிடம் போய், உங்கள் குதிரையைச் சோதிக்க வைத்தியரைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை' என்றிருந்தது கடிதத்தில்.

மூன்று மாதம் கழிந்தது. குதிரை இடப்புறம் திரும்ப மறுத்தது. ஒருநாள் பீப்பாயின்மேலேயே மோதிற்று. பிள்ளை மயிரிழையில் தப்பினாள். வைத்தியர் வந்து பார்த்துப் பின்னங்காலின் நடுமூட்டில் வாதம் என்றார். முன்பும் அம்மூட்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். விற்றவரிடம் போய்க் கேட்டபோது அவர் மறுக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. 'குதிரை ஓடுவதை நீ கண்ணாற் பார்த்தாய். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை' என்றாராம்.

கடிதத்தின் கடைசிப் பகுதியே நம்மை மூன்று மாலைகள் பிடித்து வைத்தது. 'சேர், இனி நான் இதை விற்றாக வேண்டும். தீனிக்கே பணம் போதவில்லை. இன்னொரு முறை ஊசி போட்டால் சில மாதம் நன்றாக ஓடும் என்கிறார்கள். வாங்க வருகிறவர் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். அவர் கேட்காவிட்டால் நானாகச் சொல்ல வேண்டுமா? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே.'

நீதிமன்ற நண்பர் முதலில் வாய் திறந்தார். சட்டப்படி சொல்லத் தேவையில்லை என்றார். பொய் சொன்னாலோ, குதிரைக்கு நோயில்லை என்று உறுதி கொடுத்தாலோ வழக்கு உண்டு. வாய் மூடியிருந்தால் தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும் விற்பனையில் பண்பு பற்றி எந்த உறுதியும் தானாக ஏற்படுவதில்லை. அல்பேட்டாவிலும் சரி, இலங்கையிலும் சரி, இச்சட்டத்தின் தாய் ஒன்றே. 1893ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றிய பொருள் விற்பனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நமக்கு வந்தது. 'வாங்குபவனே, விழிப்பாயிரு' என்பது அதன் உயிர்நாடி. இந்த வாசகத்தின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அங்கேயும் ஒரு குதிரைதான் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த பிட்ஸ்ஹெர்பர்ட் என்பாரின் உழவுத்தொழில் நூல், பழக்கி ஏறப்பட்ட குதிரையை வாங்குவோன் பற்றிப் பேசும் இடத்தில் இந்த எச்சரிக்கையைத் தருகிறது.

ஆயின் நம் நாட்டில் அதற்கு முன்பே வேறொரு சட்டம் இருந்தது. இன்றும் பொதுச்சட்டமாக அடியில் இருக்கின்றது. அது றோமன்-டச்சுச் சட்டம். பழைய றோமாபுரியில் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்கள். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடின், வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம்; அல்லது ஓராண்டுக்குள் விலையைக் குறைக்குமாறு வழக்காடலாம். விற்றவனுக்கே குறை தெரியாது என்றாலும் அவன் தப்ப முடியாது. மனிதனையும் எருதையும் ஒரே வாக்கியத்தில் வைத்த ஆணை அது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மனிதனை விற்பதிற் குற்றங் காணாத சமுதாயம், அவனுடைய காய்ச்சலை மறைத்து விற்பதிற் குற்றங் கண்டது! எனினும், நவீன வாணிபச் சட்டத்தைவிட அந்தச் சந்தை ஆணை இந்த ஒரு விடயத்தில் நேர்மையானது என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

அதே றோமாபுரியில், கி.மு. 44இல், சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் நம் மாணவரின் கேள்வி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. றோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் ஏற்றிய வணிகன் ஒருவன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு பல கப்பல்கள் வருவதை அவன் வழியிற் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பபிலோனியனான டயோஜெனிஸ் என்ற தத்துவஞானி, சட்டம் கேட்கும் அளவு சொன்னாற் போதும், சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றான். அவனுடைய மாணவன் அன்டிபாற்றர், விற்பவன் அறிந்தது எதுவும் வாங்குபவன் அறியாததாய் இருக்கக் கூடாது என்றான். சிசரோ மாணவன் பக்கம் நின்றார். அல்பேட்டாப் பண்ணைக்காரர் டயோஜெனிஸைப் படித்திருக்க மாட்டார். ஆயினும் 'நீ கேட்கவில்லை' என்ற இரண்டு சொற்களில் அந்த ஞானியின் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம்மவர் நூல்களில் இதற்கு இடமில்லாமலில்லை. பட்டினப்பாலையைப் படிப்பித்த ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களிலே கடல்வழி வந்த குதிரைகளைக் காட்டும் அப்பாட்டு, சிறிது தூரம் சென்றதும் அவ்வூர் வணிகரைக் காட்டுகிறது. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாதவர், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர் என்று அவர்களைப் போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் சொல்கிறார். இவை உயர்ந்த சொற்கள். ஆனால் அரசனிடம் பரிசில் பெறவந்த புலவர் கண்டது பாதி, காண விரும்பியது பாதி என்றே நாம் கொள்ளவேண்டும். குதிரைச் சந்தை எப்படி நடந்தது என்பதை அறிய வேறு சாட்சி தேவை.

அந்தச் சாட்சியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ தருகிறார். அரேபியாவிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. அந்நாட்டை ஆண்ட அரசர் ஐவரும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000க்கு மேல் வாங்குகிறார்கள். ஆண்டின் முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்று அவர் எழுதுகிறார். குதிரையைப் பேணும் முறை இங்கே தெரியாது. அதற்கு வைத்தியம் பார்ப்பாரும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணமே நமக்கு முக்கியம். குதிரை வணிகர்கள் வைத்தியரைத் தம்மோடு கொண்டுவருவதில்லை. வேறு எவரும் அங்கே போகவும் விடுவதில்லை. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு யார் வாங்குவார்? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதற்கு மேலும் ஒன்று சொல்கிறார்: வழியில் இறந்த குதிரைக்கும் அரசின் கருவூலம் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கருவூலத்தை நிரப்பியவன் உழவன் என்பதை இங்கே நாம் சொல்லத் தேவையில்லை.

அறிவை மறைத்து வைத்தால் அது மூலதனமாகும் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு குறைவு. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நிற்பது குதிரை மட்டுமன்று. ஒருவனுக்குத் தெரிந்ததும் மற்றவனுக்குத் தெரியாததுமான ஒரு செய்தியும் நிற்கிறது. பண்ணைக்காரர் அந்த 9,000 டொலரில் ஒரு பகுதியைக் குதிரைக்காகப் பெறவில்லை. தம் மௌனத்துக்காகப் பெற்றார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 'நான் பொய் சொல்லவில்லை' என்பதன் பொருள் எவ்வளவு சுருங்கிவிடுகிறது!

இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் திருவிளையாடற் கதையை நினைவூட்டினார். பாண்டியனின் அமைச்சர் குதிரை வாங்கப் பணம் கொண்டுபோய்த் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரைத் தலைவனாக வந்து மதுரையில் ஒப்படைக்கிறார். ஒப்படைக்கும்போது கயிறு மாறிக் கொடுப்பது நிகழ்கிறது. கயிறு கைமாறிய பின் குதிரைக்கு நேர்வதற்கு விற்றவன் பொறுப்பல்லன். அன்றிரவே பரிகள் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. வைகை மணலில் வெயிலிலே நிறுத்தப்படுபவர் அமைச்சர். பக்தர்களுக்கு இக்கதையின் பொருள் வேறு. அதில் நாம் தலையிட வரவில்லை. நாம் காண்பது கதையின் ஓரத்திலுள்ள சந்தை வழக்கு ஒன்றை மட்டுமே. கயிறு மாறுதல் என்ற அந்த ஒரு கணத்தை எல்லாச் சந்தைகளும் அறிந்திருக்கின்றன. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து விரலாற் பேரம் பேசுவதைக் கண்டவர்கள், பகிரங்கமான சந்தையின் நடுவே எவ்வளவு இரகசியம் குடியிருக்கிறது என்பதை அறிவார்கள்.

தம்பலகாமத்து நண்பர் இதுவரை பேசவில்லை. அவர் மாடு வாங்கியவர், விற்றவர். நம்மைப்போல் நூலில் கண்டவரல்லர். அவர் சொன்னது இது. இங்கே மாட்டுக்குக் குறி உண்டு. உரிமைச் சீட்டும் உண்டு. மாடு யாருடையது என்பதை அவை சொல்லும். அது எப்படிப்பட்டது என்பதைச் சீட்டுச் சொல்லாது, ஊர் சொல்லும். எந்த எருது சாலின் நடுவிலே படுத்துவிடும், எந்தப் பசு கன்றை ஊட்டவிடாது உதைக்கும் என்பதெல்லாம் பட்டிக்குப் பட்டி தெரிந்த செய்தி. ஆகவே ஊருக்குள்ளே குறையுள்ள மாட்டை மறைத்து விற்க ஏலாது. விற்றவன் மறுநாள் அதே வாய்க்காலில் வாங்கியவனோடு தண்ணீர் பங்கிட வேண்டும்.

நாம் மகிழ்ந்துபோனோம். அயலிலே வாங்குவதன் அறம் இதுதான் என்று முடிவுகட்டவும் இருந்தோம். நண்பர் சிரித்தார். 'பொறுங்கள். அந்தப் படுக்கிற எருதை நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? வேற்றூரிலிருந்து வருகிற யாவாரிக்கு விற்போம்' என்றார்.

அந்தச் சிரிப்பு நம்மை வெகுநேரம் மௌனமாக்கிற்று. தமிழில் 'அயல்' என்ற சொல்லுக்கு இரு முகங்கள். நாம் அயலவர் என்றால் பக்கத்து வீட்டார். அயல்நாடு என்றால் பிறநாடு. அயலான் என்றால் நமக்கு உறவற்றவன். அருகும் அந்நியமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கிராமத்தின் நேர்மை அண்டை வீட்டானுக்கு உரியது. அதன் குறையுள்ள எருது அந்நியனுக்கு உரியது. 'கிராமத்திற்குத் திரும்புவோம்' என்று பாடுகிறவர்கள் இந்தப் பாதியைப் பாடுவதில்லை. நம் மாணவரோ பண்ணைக்காரருக்கு இடத்தால் அயலவர், கணக்கால் அயலார். அந்தப் பண்ணைக்காரர் தம் சொந்த மச்சானுக்கு அந்தக் குதிரையை அப்படி விற்றிருப்பாரா? விற்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. உண்மை பெறும் உரிமை யார் யாருக்கு உண்டு என்று ஒவ்வொரு சமுதாயமும் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. சாதியால், மொழியால், நிறத்தால், பணத்தால் அந்தக் கோடு போடப்படுகிறது. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று, வைத்தியரைக் கூட்டிவரக்கூட வெட்கப்பட்டு, உள்ளே வர ஏங்கியதே நம் மாணவர் செய்த குற்றம்.

இப்போது கயிறு அவர் கையில். அவர் வாய் மூடியிருந்தால், வாங்க வருகிறவரைத் தாமும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறார். தமக்கு நேர்ந்ததைத் தாம் அநீதி என்று சொல்லும் உரிமையை அந்தக் கணத்திலேயே அவர் இழந்துவிடுகிறார். ஆகவே சொல்ல வேண்டும் என்று நாம் கூறினோம்.

தொழிற்சங்க நண்பர் இதை ஏற்கவில்லை. அவருடைய வாதம் கடுமையானது. நியாயமற்றது என்று அதைத் தள்ளவும் முடியவில்லை. 'உங்கள் அறம் எப்போதும் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவனைத்தான் பிடிக்கிறது. நிலமும் பண்ணையும் உடையவன் மௌனமாயிருந்து பணத்தைப் பையிற் போட்டுக்கொண்டான். தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று இறைச்சி வெட்டுகிறவன் உண்மை பேசி நட்டப்பட வேண்டும். ஏழையின் நேர்மையாற் கொழுத்தவர்களின் கதை உலகத்தில் கொஞ்சமா?' என்றார்.

நாம் மறுமொழி தேடியபோது நயினாதீவுக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிலே பொறித்துவைத்த கட்டளை அது. ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பரதேசிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அது பேசுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரிபாதி. அரசனுக்குப் போருக்குக் குதிரை வேண்டும். குதிரை வணிகனிடம் அவன் இளகியதற்குக் காரணம் அதுதான், கருணையன்று. அந்தப் பண்டாரத்துக்கு ஒரு பங்கு போனதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் அக்கல்லில் ஒரு கருத்து இருக்கிறது. கடல் உடைத்த கப்பலின் நட்டத்தை 'உன் விதி' என்று வந்தவன் தலையில் முழுவதும் கட்டாமல், அவனுக்கு எவ்வளவு எஞ்ச வேண்டும் என்பதைப் பொதுவிலே, எல்லாரும் படிக்கத்தக்க கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்நியனான வணிகனுக்கும் அவன் படிக்கக்கூடிய மொழியிலே எழுதி வைத்திருக்கிறார்கள். நட்டம் யாருடையது என்பது இயற்கை நியதியன்று. மனிதர் கூடித் தீர்மானிக்கும் விடயம். றோமானிய ஆணையும் அதையே செய்தது. 1896 சட்டமும் தீர்மானித்தது, வேறு பக்கமாக.

ஆகவே நண்பரின் வாதத்திற் பாதியை நாம் ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு விலங்கின் மருத்துவ ஏடும் கயிற்றோடு சேர்ந்து கைமாற வேண்டும் என்று சட்டம் சொன்னால், நம் மாணவரின் மனச்சாட்சிக்கு இவ்வளவு பெரிய சுமை இல்லை. அந்தச் சட்டத்துக்காகப் போராட வேண்டும் என்று சொல்வதும் சரி. ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை அவருடைய முற்றத்தில் ஒரு குதிரை நிற்கிறது.

அந்தக் குதிரையைப் பற்றி இதுவரை நாம் பேசாதது நமக்கே வெட்கமாக இருந்தது. மூட்டு நோவை முழுவதும் அறிந்த உயிர் அது ஒன்றுதான். விற்றவர் மறைத்தார், வாங்கியவர் கேட்கவில்லை. அது மட்டும் உள்ளதைச் சொல்லிற்று. இடப்புறம் திரும்ப மறுத்தது அதன் வாக்குமூலம். ஊசி போட்டால் அந்த வாக்குமூலம் அழிக்கப்படும். அதன்பின் வேறொரு பிள்ளை அதன் முதுகில் ஏறி 105 அடியைப் பாய்ந்து கடந்து பீப்பாயைச் சுற்றுவாள். அந்த மூட்டு எந்தத் திருப்பத்தில் மடங்கும் என்று எவருக்குத் தெரியும்? ஓட முடியாத குதிரைகளுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதும் மறைவானதன்று. ஏலத்திலிருந்து இறைச்சிக்குப் போகின்றன. கனடாவிலிருந்து உயிரோடு விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பும் வாணிபம் பல ஆண்டுகளாக நடந்துவந்து, அங்கே பெரும் எதிர்ப்பையும் எழுப்பியிருக்கிறது. நமக்கு அதைப் பழிக்கத் தகுதி அதிகமில்லை. நெடுந்தீவிலே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயரும் சிலகாலம் வளர்த்தார்கள். தேவை தீர்ந்ததும் விட்டுப் போனார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் அந்த வரண்ட தீவிலே இன்றும் திரிகின்றன; மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீரின்றிச் செத்து விழுகின்றன. அவற்றைப் பார்க்கப் போகிறோம், படம் எடுக்கிறோம்.

மூன்றாம் நாள் மாலை ஆசிரியர் மறுமொழி எழுதினார். நாம் பேசியது எல்லாவற்றையும் எழுதினார், தொழிற்சங்க நண்பரின் வாதம் உட்பட. 'சொல்லி விற்பதே சரி என்று எங்களிற் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் அந்த நட்டத்தில் ஒரு சதமும் எங்களுடையதன்று என்பதையும் நாங்கள் அறிவோம். ஆகையால் கட்டளையிடும் தகுதி எங்களுக்கில்லை' என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிடலாம், அது தீர்ப்பைப் பலவீனமாக்குகிறது என்று நீதிமன்ற நண்பர் சொன்னார். ஆசிரியர் வெட்டவில்லை.

ஆறு கிழமைக்குப் பின் பதில் வந்தது. மாணவர் சொல்லியிருக்கிறார். முதல் வந்த இருவர் கேட்டுவிட்டு நன்றி சொல்லித் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்த குடும்பம், சிறு பிள்ளைகளை ஏற்றி மெல்ல நடத்திச் செல்ல ஒரு சாதுவான குதிரை தேடிக்கொண்டிருந்தது. 1,500 டொலருக்கு வாங்கிக்கொண்டார்கள். வைத்தியரின் கடதாசிகள் எல்லாவற்றையும் கயிற்றோடு சேர்த்துக் கொடுத்ததாக எழுதியிருந்தார். மகள் இரண்டு நாள் தகப்பனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் குதிரையைப் பார்க்கப் போவோமா என்று கேட்டாளாம். அந்தப் பண்ணைக்காரர் இப்போதும் கடைத்தெருவில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றும், தாம் பதிலுக்குத் தலையசைப்பதாகவும் ஒரு வரி இருந்தது.

கடிதத்தை ஆசிரியர் உரத்துப் படித்து முடித்தார். துறைமுகத்தின் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தொழிற்சங்க நண்பர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, இலக்கங்கள் இருந்த இடத்தைத் தாமே ஒருமுறை பார்த்தார். 'ஏழாயிரத்து ஐந்நூறு டொலர்' என்றார். 'அதை இனி எத்தனை இரவு மேலதிக வேலை செய்து அவன் எடுக்கப்போகிறான் என்று எழுதிக் கேளுங்கள்.'

ஆசிரியர் கேட்டு எழுதியிருக்கிறார்.